உள்ளது கொண்டு இல்லம் புனைதல்

இல்லத்தை அழகு செய்தல் என்றதும் செல்வர் வாழும் மாளிகைகளே பலருடைய மனக்கண்முன் வந்து நிற்கின்றன. பளபளக்கும் தரையும், விலையுயர்ந்த திரைச்சீலைகளும், கடையிலிருந்து அப்படியே கொண்டுவந்து இறக்கிய கதிரை மேசைகளும் இருந்தாலன்றி வீடு அழகு பெறாது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இவ்வெண்ணம் இருவகையில் தீங்கு செய்கிறது. பொருளில்லாதவர் தம் வீட்டை அழகு செய்ய முயலாமலே விட்டுவிடுகின்றனர். பொருள் சிறிது உள்ளவரோ கடன்பட்டு அழகை விலைக்கு வாங்க முற்படுகின்றனர். உண்மையில், அழகு கடைச்சரக்கு அன்று. கண்ணும் கையும் கூடி ஆக்குவது அது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் நகரை அடுத்துக் களப்போரமாக அமைந்திருக்கும் தில்லையடி என்னும் ஊரை நோக்கினாலே போதும்.

தென்னாபிரிக்க அறப்போரில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெயரோடு இணைந்த தமிழ்நாட்டுத் தில்லையாடி வேறு. இத் தில்லையடி வேறு. களப்புக் கரைகளிலும் கழிமுகங்களிலும் வளரும் தில்லை மரத்தை இவ்வூரின் பெயர் நினைவூட்டுகிறது. ஒரு பக்கம் களப்பும் உப்பளமும், மறுபக்கம் தென்னந்தோட்டம். கடற்காற்றில் உப்பு மிகுதி. ஆண்டின் பெரும்பகுதி வெயிலும் மிகுதி. இத்தகைய நிலத்திலே, அண்மைக் காலத்தில், வெறுங்கையோடு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல வீடு அமைத்து வாழத் தலைப்பட்டன.

அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுதல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் வாழ்ந்தோருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 75,000 மக்கள் இவ்வாறு வீடும் பொருளும் இழந்து புறப்பட்டனர் என்பர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். தில்லையடியும் அவர்களுக்கு இடமளித்த ஊர்களுள் ஒன்று. அங்கே கிடுகால் வேய்ந்த குடிசைகள் வரிசை வரிசையாக எழுந்தன.

சில மாதங்களுக்கென்று கட்டிய அக்குடிசைகளில் ஆண்டுகள் பல கழிந்தன. குழந்தைகள் அங்கே பிறந்து, அங்கேயே பள்ளி சென்று, அங்கேயே மணமும் முடித்தனர். 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் நிதியுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்குரியவரே முன்னின்று கட்டுவதும், வேலை நடைபெறும் அளவுக்கேற்பப் பணம் பகுதி பகுதியாக வழங்கப்படுவதும் அத்திட்டத்தின் முறை. இவ்வாறு கிடுகுச் சுவர் இருந்த இடங்களிற் கல்லும் சீமெந்தும் வந்தன. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபின், ஒரு பகுதியினர் வடக்கே சொந்த ஊருக்குத் திரும்பினர். ஒரு பகுதியினர் புத்தளத்திலேயே நிலைத்தனர். இரண்டு இடத்திலும் கால் வைத்து வாழ்வோரும் உளர்.

உதவிப் பணம் சுவரை எழுப்பும், கூரையை வேயும். ஆனால் அச்சுவருக்குள் வாழ்வோர், “இது எமது வீடு” என்று நெஞ்சார உணர்வதற்கு வேண்டியது எந்தத் திட்டத்தின் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. இங்கேதான் இல்லம் புனைதல் என்னும் செயலின் உட்பொருள் விளங்குகிறது.

“இன்றோ நாளையோ புறப்பட்டுவிடுவோம், இந்த இடத்துக்கு அலங்காரம் எதற்கு?” என்று நினைப்பது இடம்பெயர்ந்தோர்க்கு இயல்பு. வாடகை வீட்டில் வாழ்வோரும், தொழிலுக்காக ஊர் மாறுவோரும் இவ்வாறே நினைக்கின்றனர். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் பெரியவர்களுக்குத் தற்காலிகமாகத் தோன்றும் பத்து ஆண்டுகள் குழந்தைக்கு அதன் முழு இளமைக் காலம் ஆகும். அக்குழந்தைக்கு வேறொரு இளமை பின்னர் வழங்கப்படப் போவதில்லை. ஆதலால், நாளை விட்டுப் போக நேரினும் இன்றைய வீட்டை அழகாக வைத்திருத்தல் வீண்செலவன்று. அது குடும்பத்தாரின் கடமை. அன்றியும், கையால் செய்யக் கற்றுக்கொண்ட வேலை வீட்டோடு நின்றுவிடுவதில்லை. பொருளைப் பறிப்போர் கைத்திறனைப் பறிக்க இயலாது.

இனி, குறைந்த செலவில் இதனைச் செய்யும் முறைகளை நோக்கலாம்.

முதல் விதி, வாங்குவதற்கு முன் கழித்தல். எந்த வீட்டிலும் உடைந்த வாளி, கால் போன கதிரை, எதற்காகவோ எடுத்துவைத்த தகரப் பேணிகள் என்பன மூலைகளில் அடைந்து கிடக்கும். அவற்றை முற்றத்திலே கொண்டுவந்து பரப்பி, திருத்தத் தக்கவை, வேறொன்றாக மாற்றத் தக்கவை, பழைய இரும்பும் போத்தலும் வாங்க வருபவரிடம் கொடுக்கத் தக்கவை என மூன்றாகப் பிரித்தல் வேண்டும். ஒரு நாள் வேலையில் வீடு பாதி அழகு பெற்றுவிடும். வெற்றிடமும் ஓர் அலங்காரமே. சிறிய வீட்டுக்கு அதுவே தலையாய அலங்காரம்.

இரண்டாவது, சுவர். நோன்புப் பெருநாளுக்கும், தைப்பொங்கலுக்கும், சித்திரைப் புத்தாண்டுக்கும், நத்தாருக்கும் முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான வழக்கம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நகரின் நுகர்வோர் விலைகள் முந்தைய ஆண்டினும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தன. அத்தகைய காலத்தில் கடைப் பூச்சை நாட முடியாதவர்க்கும் நீற்றுச் சுண்ணாம்பு கைகொடுத்தது. சுண்ணாம்பை நீரிற் கரைத்து, ஓர் இரவு வைத்து, பழைய சீலையில் வடித்தெடுத்தல் வேண்டும். ஒட்டுவதற்குச் சிறிது சோற்றுக் கஞ்சியும், ஒரு கைப்பிடி உப்பும் சேர்ப்பது பழைய முறை. துணிக்கிடும் நீலம் சிறிது கலந்தால் வெண்மை எடுப்பாகத் தோன்றும். காவி கலந்தால் இளஞ்சிவப்பு உண்டாகும். சுவரை முன்னதாக நீர் தெளித்து நனைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசுதல் நன்று. ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் அது பொருக்குப் பொருக்காக உதிரும். எண்ணெய்ப் பூச்சுப் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதையும் மறத்தலாகாது. சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். ஆகவே கரைக்கும்போது சிறுவரை அணுகவிடலாகாது.

முழுச் சுவருக்கும் நிறம் தீட்ட வசதியில்லையாயின், ஒரே ஒரு சுவரைத் தெரிந்துகொள்ளலாம். வாயிலில் நுழைவோர் கண்ணில் முதலிற் படும் சுவருக்கு நிறம் தீட்டி, ஏனையவற்றை வெண்மையாக விட்டால் சிறிய அறையும் விரிந்து தோன்றும். தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை காவியோ சாம்பல் நிறமோ பூசி, அதன் மேலே வெள்ளை அடிப்பது சிக்கனமான வழி. குழந்தைகளின் கைபட்ட அழுக்கும், மழைத் தெறிப்பும் அதில் தெரியா.

மூன்றாவது, மரச் சாமான்கள். பழைய சாமான் கடைகளிலும், இடிக்கப்படும் வீடுகளிலும், களப்புக் கரையில் கைவிடப்பட்ட வள்ளங்களிலும் இன்று புதிதாக வாங்குதற்கரிய நல்ல மரங்கள் கிடைப்பதுண்டு. 1344ஆம் ஆண்டில் இக்கரையை அடைந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, மரமதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகராகப் புத்தளத்தைக் குறிப்பிட்டார். வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் அதன் கரைகளிலே குவிந்து கிடந்ததையும் எழுதிவைத்தார். கரை ஒதுங்கியதைப் பயன்கொள்வது இப்பகுதிக்குப் புதிதன்று.

பழைய பொருள் என்பதனால் எதையும் வாங்கிவிடலாம் என்பதில்லை. வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் சில உள. மரத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தல் வேண்டும். பொள்ளெனும் ஓசை எழுந்தால் உள்ளே கறையான் தின்றிருக்கும். கதிரையின் பூட்டுகளை அசைத்துப் பார்த்தல் வேண்டும். பூட்டுத் தளர்ந்ததை இறுக்கலாம், முறிந்த காலை மாற்றுவது செலவு. கட்டிலும் மெத்தைக் கதிரையும் மூட்டைப்பூச்சிக்கு உறைவிடமாகலாம். அவற்றை வெயிலிற் கிடத்தி, இடுக்குகளிற் கொதிநீர் ஊற்றிய பின்னரே உள்ளே கொண்டுவருதல் வேண்டும். வள்ளப் பலகையை நன்னீரிற் பல முறை கழுவி நிழலிற் காயவைத்தாலன்றி அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மிகப் பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதைச் சுரண்டும்போது நீரால் நனைத்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு, தூள் சிந்தாது துடைத்தெடுத்தல் நலம். உப்புக் காற்று இரும்பாணியை விரைவில் தின்றுவிடும். இயன்ற இடத்திற் பித்தளைத் திருகாணியையும் மரமுளையையும் பயன்படுத்துதல் அறிவுடைமை.

இவ்வாறு தெரிந்தெடுத்த பழைய கதவொன்று, இரண்டு குத்திகளின் மேல் ஏறினால் உணவு மேசையாகிவிடும். சரக்கு வந்த பலகைப் பெட்டிகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோடு பிணைத்தால் புத்தக அலுமாரி ஆகும். யன்னலின் பழைய சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்தி, யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால், இருண்ட அறைக்கு மற்றுமோர் யன்னல் திறந்தது போலாகும்.

பழம்பொருள் கொண்டு வீடு அமைத்தல் வறியவர் வழி மட்டுமே என்று நாணுவோர், இந்நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு இல்லத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1919இற் பிறந்து 2003இல் மறைந்த அவர், 33ஆம் ஒழுங்கையிலே ஒன்றையொன்று ஒட்டியிருந்த நான்கு சிறு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்துத் தம் இல்லமாக்கினார். பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த கதவுகளையும், செட்டிநாட்டு மரத்தூண்களையும் அவர் அங்கே நிறுவினார். உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து கண்டு வியக்கும் அவ்வில்லத்தின் அழகிற் பெரும்பங்கு பிறர் கழித்த பொருள்களுக்கு உரியது. அவற்றை வைக்க வேண்டிய இடம் அறிந்து வைத்ததே அவர் திறம்.

நான்காவது, துணியும் பாயும். பெண்மக்களின் கைத்திறன் சிறப்பாக வெளிப்படும் இடம் இதுவே. நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையலால் பிணைத்துப் போர்வையாக்குவது வங்காளத்தில் காந்தா என்னும் பெருங்கலையாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது துணிக்குப் பங்கீடு நிலவிய இங்கிலாந்தில், பழையதைத் திருத்திப் பயன்கொள்ளும் வழிகளைக் கற்பிக்க 1943இல் அரசாங்கமே ஒரு கைந்நூலை வெளியிட்டது. கட்டுப்பாடு வந்தபோது மக்கள் கற்றுக்கொண்ட பாடத்தை, கட்டுப்பாடு இல்லாத நாளிலும் கைவிடாதிருத்தல் நன்று.

ஒட்டுத்துணி வேலையில் ஒரு நுட்பம் உண்டு. கிடைத்த நிறங்கள் யாவற்றையும் கலந்தால் அது சந்தைக்கடை போலாகும். இரண்டு நிறங்களை முதன்மையாகக் கொண்டு, மூன்றாவதை ஆங்காங்கே தொட்டுக் காட்டினால் கண்ணுக்கு அமைதி கிடைக்கும். மெல்லிய வெளிர்நிறச் சேலை யன்னற் சீலைக்கு ஏற்றது. காற்றை மறிக்காது, வெயிலின் கூர்மையை மட்டும் தணிக்கும். தடித்த துணி கதிரைத் திண்டுக்கு உரியது. திண்டின் உள்ளே அடைப்பதற்கு வெட்டிய பழந்துணியோ இலவம்பஞ்சோ போதும்.

பாய் முடைதலும் பெட்டி இழைத்தலும் இக்கரையில் இரு நிலத்தாரின் அறிவு சந்திக்கும் இடமாகும். மன்னாரும் யாழ்ப்பாணமும் பனை நிலங்கள். அங்கிருந்து வந்தோர் பனையோலையை நன்கறிந்தோர். புத்தளமோ தென்னை நிலம். இங்குள்ளோர்க்குக் கிடுகு பின்னலும் தும்புக் கயிறு திரித்தலும் பழகிய தொழில். ஓலைக்குச் சாயமிட்டு இழைத்த தட்டும் கடகமும் சுவரில் மாட்டினால் படத்தினும் எடுப்பாகத் தோன்றும். வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தவும் உதவும். தும்புக் கயிற்றைச் சுருளாகச் சுற்றித் தைத்தால் வாயிலிற் கால் துடைக்கும் விரிப்பு ஆகும். வந்தவரும் இருந்தவரும் ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் இத்தகைய வேலை, வீட்டோடு அயலையும் அழகு செய்கிறது.

கலையையும் கைத்தொழிலையும் வேறு வேறாகப் பிரித்தல் தகாது என்பது, 1877இற் கொழும்பிற் பிறந்த தமிழறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் உறுதியான கொள்கை. 1908இல் வெளிவந்த சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அவர் விரிவாக ஆராய்ந்த பொருள்களில் விளக்கு, பெட்டி, பாய், மட்பாண்டம் முதலிய அன்றாடப் பயன்பொருள்கள் பலவும் அடங்கும். நாளும் கைபடும் பொருள் அழகாயிருத்தலே ஒரு நாட்டின் கலைவளத்துக்கு அளவுகோல் என்னலாம்.

இனி, செய்யத் தகாதன சிலவற்றையும் கூறுதல் வேண்டும். கடலோரத்தில் வாழ்வோர், கடல் தருவதெல்லாம் தமக்கே எனக் கருதலாகாது. கரையோர வலயத்தில் பவளக்கல் அகழ்வது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பவளப்பாறையை இழந்த கரையை அலை அரிக்கும். களப்பைச் சூழ்ந்த கண்டல் மரங்களை வெட்டி வேலிக்கும் தட்டுக்கும் பயன்படுத்தலும் ஆகாது. நாட்டின் கண்டற் காடுகள் யாவற்றையும் பாதுகாக்கும் திட்டத்தை இலங்கை 2015இல் அறிவித்தது. மீன் குஞ்சுகள் வளரும் தொட்டில் அவையே. தில்லை மரத்தின் பாலோ கண்ணிற் பட்டாற் பார்வைக்கே தீங்கு விளைப்பது. அதை அறியாது வெட்டலாகாது.

பூச்சட்டிகளிலும் கவனம் வேண்டும். சிரட்டை, போத்தல், தகரப் பேணி, பழைய டயர் ஆகியவற்றிற் செடி வளர்ப்பது அழகே. ஆயினும் அடியில் துளையிடாத பாத்திரம் நுளம்பு வளர்க்கும் குளமாகிவிடும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. ஒரு துளையிடும் வேலையைச் சோம்பலால் விடுத்து, நோயை முற்றத்திலே வளர்ப்பது எவ்வகை அலங்காரம்? பூச்சிமருந்து அடைத்து வந்த கலங்களை எக்காரணங் கொண்டும் வீட்டுப் பாவனைக்கு எடுத்தலாகாது.

செலவைப் பற்றி ஒரு சொல். ஒரு சிறு கொப்பியில் வீட்டுக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதிக்கொள்வது நல்ல பழக்கம். ஒழுகும் கூரை, உடைந்த தாழ்ப்பாள், வெடித்த தரை ஆகியவற்றுக்கே முதலிடம். அலங்காரம் அவற்றின் பின்னரே. ஒவ்வொரு மாதமும் இயன்ற சிறு தொகையை ஒதுக்கி, ஒரு மாதத்தில் ஒரு வேலையை மட்டும் முற்றாக முடித்தல் வேண்டும். தவணைக் கடனுக்கு வாங்கிய அலுமாரி, தவணை கட்ட முடியாத மாதத்தில் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். சொந்தக் கையாற் செய்த தட்டு சற்றுக் கோணலாயினும் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் முந்திச் செய்யத் தக்கது ஒன்று உண்டு. வீட்டில் ஒளி மிக்க மூலையைப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்குதல் வேண்டும். ஒரு பழைய பலகை, இரண்டு பெட்டி, தலைக்கு மேலே ஒரு தட்டு, எழுதுகோல் வைக்க ஒரு சிரட்டை, இவ்வளவே போதும். அந்த மூலையைப் பிள்ளைகளே தேய்த்து, பூசி, அடுக்கும்படி விடுதல் வேண்டும். விருந்தினர்க்கென அலங்கரித்த விறாந்தை விருந்தினர் போனதும் வெறுமையாகும்; பிள்ளைக்கென அமைத்த மூலையோ நாளும் பயன்படும்.

தில்லையடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கிடுகுக் குடிசை கல்வீடாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. கல்வீடு இல்லமாக மாறுவதற்கு அத்தனை காலம் வேண்டியதில்லை. அதற்கு எவருடைய அனுமதியும் உதவிப் பணமும் வேண்டியதில்லை. வடக்கே திரும்புவோர், தாம் வாழ்ந்த வீட்டைப் பின்வருவோர்க்கு அழகாக விட்டுச் செல்லட்டும். இங்கேயே நிலைப்போர், தம் மக்களுக்கு அதனை ஊராக்கிக் கொடுக்கட்டும். வரும் விடுமுறை நாளில் ஒரு குடும்பம் கூடியிருந்து, ஒரு பழைய கதிரையைத் திருத்தி, ஒரு சுவருக்கு வெள்ளை அடிக்குமாயின், அவ்வீட்டுக்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.